சின்னப் பிள்ளைகளோடு மலைக்காடு: வேலூர்ப் பக்கம் ஒரு நாள் நடை

வேலூரைச் சுற்றி நேஷனல் பார்க் எதுவும் கிடையாது. கிட்டத்தில் இருப்பது ஆந்திராவில், திருப்பதி மலைகளில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா. ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்ப அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஜவ்வாது மலை அடிவாரமும் ஏலகிரியும் போதும்.

குடும்பத்தோடு போகும் நடையைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டே விஷயம்தான்: தாமதமாகக் கிளம்புவது, அதிக தூரம் போக நினைப்பது. காலை 9 மணிக்கு மேல் பறவைகள் அடங்கிவிடும், மான்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். அதற்குப் பிறகு எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் வெயில்தான் மிச்சம். ஆகவே திட்டம் போடும்போது தூரத்தை யோசிக்காதீர்கள். 6.30-க்கு எங்கே நிற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

எந்த இடம், யாருக்கு

ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் என்றால் அமிர்தி. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலையின் காலடியில் வனத்துறையின் சிறு உயிரியல் பூங்காவும், அதைச் சுற்றிக் காடும், மழைக்காலத்தில் ஓடும் ஓர் அருவியும் இருக்கின்றன. பூங்கா வாசல் திறக்க நேரமாகும் என்பதால் பலர் 10 மணிக்குத்தான் போய்ச் சேருகிறார்கள். அது வேண்டாம். வெளிச்சம் வரும்போதே போய், வழியில் உள்ள ஏரிக்கரையிலும் சாலையோரப் புதர்களிலும் பறவை பார்த்துவிட்டு, வாசல் திறந்ததும் உள்ளே போங்கள். அருவிப் பக்கம் விடுகிறார்களா என்பது தண்ணீரைப் பொறுத்து மாறும், வாசலிலேயே கேட்டுவிடலாம். பூங்காவுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் என்றால் ஏலகிரியில் சுவாமிமலை. மலைமேல் உள்ள மங்கலம் கிராமத்திலிருந்து ஏறும் பாதை. உச்சி 1,300 மீட்டருக்குச் சற்று மேல். ஆனால் ஊரே ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பதால் உண்மையில் ஏறுவது கொஞ்சம்தான். பெரியவர்கள் இரண்டு மணி நேரத்தில் போய் வந்துவிடுவார்கள். பிள்ளைகளோடு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். வேலூரிலிருந்து மலைமேல் வரை சுமார் 90 கிலோமீட்டர் என்பதால் விடிகாலை 4.30-க்கே வண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முந்தின இரவே மலைமேல் அத்தனாவூரில் தங்கிவிட வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் ஜோலார்பேட்டையில் இறங்குவார்கள். அடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து ஏறும் மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள், வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு அது ஆறுதல் தராது. ஏறுவதற்கு முன் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். வளைவில் வரும் பிள்ளை போனைப் பார்க்காமல் தூரத்தில் தெரியும் சாலையைப் பார்த்துக்கொண்டு வரட்டும். வெறும் வயிற்றில் கூட்டிப்போனாலும் வாந்தி வரும்.

ஜலகம்பாறை, பீமன்மடுவு இரண்டும் அருவிக்காகப் போகிற இடங்கள். கூட்டமும் சத்தமும் இருக்கும், விலங்கு பார்க்க ஏற்றவை அல்ல.

குடியாத்தம், பேரணாம்பட்டுக் காடுகளுக்குப் பிள்ளைகளோடு நடந்து போக வேண்டாம். ஆந்திரத்துக் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் எல்லை தாண்டி வந்து போகும் காடுகள் அவை. மோர்தானா அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், காட்டுப் பாதையில் இறங்காதீர்கள்.

மாதமும் அனுமதியும்

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை சரியான காலம். வடகிழக்கு மழை குறைந்துவரும், ஓடைகளில் தண்ணீர் இருக்கும், வடக்கிலிருந்து குளிர்காலப் பறவைகள் வந்திருக்கும். மார்ச்சிலிருந்து இலை உதிர்ந்து காடு காய்ந்துவிடும், தீப்பிடிக்கும் காலம் தொடங்கும். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்க் குன்றுகளின் பாறை காலை 10 மணிக்கே கை வைக்க முடியாத சூடு.

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற இணையதளத்தில் வனத்துறை 2024-லிருந்து பதிவு வாங்குகிறது. ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அதில் உண்டு, வழிகாட்டியும் அதிலேயே கிடைப்பார். தீக்காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். சிறுவர்களுக்கு வயது விதி இருக்கிறது, பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். மற்ற இடங்களுக்கு அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்க வேண்டும். “ஊர்க்காரர் ஒருத்தர் கூட்டிப்போறேன்னார்” என்பது அனுமதி ஆகாது.

வழிகாட்டிகள் பலரும் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல). எந்தப் பாறையில் தேனடை இருக்கிறது, எந்த ஓடையில் நேற்றுக் கரடி இறங்கியது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கிளம்பும்போதே “பசங்க மெதுவாத்தான் நடப்பாங்க, அங்கங்க உட்காருவோம்” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உச்சியைக் காட்டுவதுதான் தன் வேலை என்று நினைத்து வேகமாகக் கூட்டிப்போவார், பிள்ளைகள் முதல் அரை மணி நேரத்திலேயே சோர்ந்துவிடும்.

பையில் என்ன

தண்ணீர்தான் முதல். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர். நான்கு பேர், நான்கு மணி நேரம் என்றால் எட்டு லிட்டர். எட்டு கிலோ எடை என்பதால் ஒரே பையில் போடாமல் பிரித்துச் சுமக்க வேண்டும். பிள்ளைகள் சுமக்கும் பையில் அரை லிட்டருக்கு மேல் வைக்க வேண்டாம். ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட். பெரிய பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். கால் பாட்டிலில் கொட்டிக் கெட்டியாகக் கலந்தால் வயிற்றுப்போக்கு வரும்.

சாப்பாட்டுக்குப் புளிசோறு சரியானது, மதியம் வரை கெடாது. தயிர்சாதம் 11 மணிக்குள் தீர்ந்துவிடும் என்றால் மட்டும். வழியில் ஆம்பூர் வருகிறதே என்று பிரியாணிப் பொட்டலம் வாங்கி மலைமேல் கொண்டு போகாதீர்கள். தின்ற பிறகு ஒருவரும் எழுந்து நடக்க மாட்டார்கள், வாசனைக்குக் குரங்குக் கூட்டமும் வந்து சேரும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம், பேரீச்சை இவற்றைச் சின்ன டப்பாவில் போட்டு 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கை கொடுத்தால் பிள்ளைகள் அழாமல் நடப்பார்கள். எல்லாம் எவர்சில்வர் டப்பாவில் இருக்கட்டும். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் “சோறு வந்தாச்சு” என்று குரங்குக்குப் புரியும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019-லிருந்து மாநிலத்தில் தடையும் இருக்கிறது.

புது ஷூ வேண்டாம், இரண்டு வாரம் போட்டுப் பழகியது வேண்டும். செருப்பு போட்டால் முள்ளும் உருளைக்கல்லும் சேர்ந்து வேலை காட்டும். முழுக்கால் பேன்ட், அதன் அடியைச் சாக்ஸுக்குள் செருகுவது பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் உண்ணி ஏறாமல் தடுப்பது அதுதான். பளிச்சென்ற வெள்ளையும் சிவப்பும் தவிர்த்து மங்கலான நிறச் சட்டை. கொலுசு, வளையல், மெட்டியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்: கொலுசுச் சத்தத்துக்கு மான் ஓடும், பாம்பு கடித்துக் கால் வீங்கினால் மெட்டியைக் கழற்றவே முடியாது. மல்லிகைப் பூவும் சென்ட்டும் தேனீயை இழுக்கும்.

பைனாகுலர் வாங்குவதானால் 8x42. முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன் லென்ஸின் மில்லிமீட்டர் அகலம். கடைக்காரர் 20x, 30x என்று ஆசை காட்டுவார், கை நடுக்கத்தையும் அது இருபது மடங்காக்கும், பறவை தெரியாது. பிள்ளைகளுக்கு 8x32 போதும், எடை குறைவு. வீட்டு மாடியில் இரண்டு நாள் பழக்குங்கள்: பார்வையைப் பறவையிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வர வேண்டும். கண்ணில் வைத்துக்கொண்டு தேடினால் ஒருநாளும் கிடைக்காது. அதை வைத்துச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைக் கையில் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கொரு விசில். வழி தவறினால் மூன்று முறை ஊது, நின்ற இடத்தை விட்டு நகராதே, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நில் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிடுங்கள். மலையில் சிக்னல் போய்ப் போய் வரும். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொண்டு, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

நடையும் உட்காருதலும்

வழிகாட்டி முன்னால், பெரியவர் ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவில். வேகத்தை வைப்பது கடைக்குட்டிதான். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். கொண்டு வந்த தண்ணீரில் பாதி தீர்ந்த இடமோ, ஒதுக்கிய நேரத்தில் பாதி முடிந்த இடமோ, எது முதலில் வருகிறதோ அங்கிருந்து திரும்புங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. இறங்கும்போதுதான் கால் பிசகும், அதற்குத் தெம்பு மிச்சம் வேண்டும்.

20 நிமிட நடைக்கு ஒருமுறை 15 நிமிடம் உட்காருங்கள். விலங்கும் பறவையும் கண்ணில் படுவது அந்தப் பதினைந்தில்தான். ஓடையோரத்திலோ, அத்தியோ ஆலோ பழுத்த இடத்திலோ, வெயில் முதுகில் படும்படி, காற்று முகத்தில் அடிக்கும்படி அமர வேண்டும். நாம் வந்த சத்தத்துக்கு எல்லாம் அடங்கியிருக்கும். ஐந்து, பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது, பிள்ளைகள் நெளியும். அந்த நேரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை விதச் சத்தம் கேட்கிறது என்று விரல் மடக்கச் சொல்லுங்கள். பிறகு கரிச்சான் ஒன்று வரும், அதன் பின்னால் சின்னக் குருவிகள் ஒரு கூட்டமாக இலைப்பூச்சி தேடி வரும்.

சத்தமும் தகவல்தான். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே புதரைச் சுற்றிக் கத்தினால் உள்ளே பாம்போ கீரியோ பூனையோ இருக்கும், கிட்டப் போகாமல் பார்க்கலாம். புள்ளிமான் கூர்மையாக ஒற்றைக் குரல் கொடுத்தால், மரத்திலிருந்து மந்தி இருமுவதுபோலக் கத்தினால் சிறுத்தை நடமாட்டமாக இருக்கலாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எதைத் தேடுவது

சிறுத்தையும் கரடியும் இந்த மலைகளில் உண்டு, ஆனால் பார்ப்போம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தடயத்தைத் தேடச் சொல்லுங்கள், அது கட்டாயம் கிடைக்கும். கரையான் புற்று பக்கவாட்டில் கிழிந்து குழியாகக் கிடந்தால் கரடி வேலை. மண்ணை உழுதுபோலக் கிளறியிருந்தால் காட்டுப்பன்றி. பாதை நடுவே பாறைமேல் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் மரநாயுடையது. ஈரமணலில் நகப்பதிவு இல்லாத வட்டமான தடம் பூனை இனம், நகம் குத்தியிருந்தால் நாய் அல்லது நரி. முள்ளம்பன்றி முள் கிடைத்தால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும், காட்டிலிருந்து எதையும் எடுத்து வரச் சட்டம் விடாது. சந்தன மரத்தில் கீறிப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம். ஜவ்வாது மலையில் அதற்கு வழக்கே வரும்.

பறவைகளில் செம்போத்து, மாங்குயில், கொண்டலாத்தி, குக்குறுவான், காட்டுக்கோழி எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து வரும் ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசிலடிக்கும். சருகைக் கிளறும் சத்தம் வரும் புதரடியில் பொறுமையாகப் பார்த்தால் பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் தெரியும். பாறையும் புதரும் கலந்த சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னான் தென்பட்டால் பெரியவர்களே குதிக்கலாம், தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. குரலை வைத்துப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை முன்பே இறக்கி வையுங்கள். ஆனால் பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று கூட்டை விட்டு வரும், முட்டை கெடும்.

வெயில் ஏறிப் பறவைகள் அடங்கிய பிறகு தரையைப் பார்க்க வேண்டும். சரிந்த பாறைக்கு அடியில், மழை படாத மெல்லிய மண்ணில் புனல் வடிவில் விரலகலக் குழிகள் இருக்கும். குழியானை. ஒரு புல் நுனியால் ஓரத்து மண்ணை இரண்டு மணி உதிர்த்தால் அடியிலிருந்து பூச்சி மண்ணை வாரி மேலே எறியும். எறும்பு விழுந்தால் சறுக்கி நடுவுக்கு வரவேண்டும் என்பதற்குத்தான் அந்த எறி. ஆறு வயதுப் பிள்ளை இதன்முன் அரை மணி நேரம் குந்தியிருக்கும். வெயிலில் பாறை ஓணான் தலையாட்டிக்கொண்டிருக்கும், இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு முதுகு சிவந்து உடல் கருத்துவிடும்.

எது தவறாகும்

கரடி: அடர்ந்த புதர், திருப்பம், குகை வாய் இங்கெல்லாம் திடீரென்று எதிர்ப்பட்டால்தான் தாக்கும். ஆகவே திறந்த வெளியில் அமைதியாக நடங்கள், மறைவான திருப்பம் வரும்போது சத்தமாகப் பேசிக்கொண்டோ கைதட்டியோ போங்கள். பார்த்துவிட்டால் ஓட வேண்டாம். பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு, முகம் அதன் பக்கமாகவே இருக்க, மெல்லப் பின்வாங்க வேண்டும்.

மலைத்தேனீ: பாறை நெற்றியில் தொங்கும் பெரிய அடைக்குக் கீழே சாப்பிட உட்காராதீர்கள். புகை, கல், கூச்சல், டிரோன் எதுவும் கூடாது. கிளம்பிவிட்டால் படுக்கக் கூடாது, தண்ணீரில் குதிக்கவும் கூடாது. முகத்தை மூடிக்கொண்டு வந்த வழியே நேராக ஓட வேண்டும், நூறு மீட்டர் போனாலும் நிற்காமல். கதண்டு என்னும் பெரிய குளவியின் கூட்டுக்கும் இதேதான். மூச்சுத் திணறல், உதடு வீக்கம் வந்தால் 108-ஐ அழைத்துக்கொண்டே இறங்கத் தொடங்குங்கள்.

பாம்பு: வறண்ட பாறைப் பகுதியில் அதிகம் இருப்பது சுருட்டை விரியன். சிறிய பாம்பு, உடலை வளைத்துச் செதிலோடு செதில் உரசி, கடாயில் அப்பளம் பொரிவதுபோலச் சத்தம் எழுப்பும். கேட்டால் அப்படியே நின்று, எங்கே என்று பார்த்த பிறகு நகருங்கள். பாறை இடுக்கில் கை வைக்காதே, விழுந்த மரத்தைத் தாண்டாமல் அதன்மேல் ஏறிப் பார்த்து இறங்கு என்ற இரண்டு விதியும் பிள்ளைக்குப் பாடமாக இருக்க வேண்டும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது மூன்றும் கேடு. கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடிபட்ட காலை அசையாமல் குச்சி வைத்துத் துணியால் கட்டி, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். அமிர்தியிலிருந்து வரும் வழியிலேயே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏலகிரி என்றால் திருப்பத்தூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகள். நாட்டு வைத்தியத்துக்குப் போகும் ஒரு மணி நேரம் உயிரைக் கொண்டு போகும்.

குரங்கு: கண்ணைப் பார்த்து பல் தெரியச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. பிடுங்கிய பையைத் திரும்பப் பிடுங்கவும் வேண்டாம். கடியோ கீறலோ பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டும்.

ஓடை: நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால் அந்த நிமிடமே மேடேற வேண்டும்.

பூனைக்காலி: டிசம்பர், ஜனவரியில் வேலி ஓரத்துக் கொடியில் பட்டுப்போலத் தொங்கும் பழுப்புக் காய். பிள்ளைகள் தொடுவார்கள். பட்டால் அரிக்கும், தேய்க்கத் தேய்க்கக் காய்மேல் உள்ள முடி தோலுக்குள் இறங்கும். செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தெடுங்கள், முடி அதனோடு வந்துவிடும், பிறகு கழுவலாம்.

வெயில்: நடந்து வந்த பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினால், முகம் வெளிறினால், மூன்று மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் நிழலில் உட்கார வைத்து, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சின்ன மிடறுகளாகக் கொடுங்கள். உளறினாலோ மயங்கினாலோ வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு.

வீடு திரும்பிய பின்

வண்டியில் ஏறும் முன்பே துணியை உதறி, வீட்டில் நேராகக் குளியலறைக்குப் போய் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். போட்டிருந்த துணியைச் சோபாவில் போடாமல் வெந்நீரில் நனையுங்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், இடுப்பு எலாஸ்டிக் பதியும் இடம் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இருந்தால் எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சி காட்டுவது வேண்டாம். பிளக்கரால் தோலை ஒட்டித் தலையோடு பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

வேலூர்ப் பக்கத்தில் மழைக்குப் பின்னும் குளிர்காலத்திலும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ், அதிகம் வரும் நோய். அதைத் தருவது கண்ணுக்குத் தெரியாத புதர்ப்பூச்சியின் குஞ்சு, கடித்ததே தெரியாது. நடையிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், மடிப்புகளில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கருத்த, வலிக்காத பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். ஆகவே டாக்டரிடம் “பத்து நாள் முன்னால் காட்டுக்குப் போயிருந்தோம்” என்று நீங்களாகவே சொல்லுங்கள். சாதாரண காய்ச்சல் மாத்திரைக்கு இது அடங்காது. சரியான ஆன்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.